சக்கிமுக்கிக் கல் நெடுவழி

தமிழிலே 'ஆறு' என்னும் சொல்லுக்கு நீர் ஓடும் ஆறு என்றும், மக்கள் நடக்கும் வழி என்றும் இரு பொருள் உண்டு. இவ்விரு பொருளும் ஒன்றாகவே நிற்கும் நிலப்பகுதி ஒன்று உலகின் வடபாகத்திலே இருக்கின்றது. அங்கே நீரே வழி. ஓர் ஏரி முடியுமிடத்தில் பயணி தன் தோணியைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, காட்டினூடே நடந்து, அடுத்த ஏரியில் அதனை இறக்குகின்றான். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மின்னசோட்டா மாநிலமும், கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணமும் ஒன்றையொன்று தொடும் எல்லைப்புறமே அது. அவ்வெல்லைப்புறக் காட்டுக்குள் 57 மைல், அதாவது ஏறத்தாழ 92 கிலோமீட்டர் தொலைவுக்குச் சாலை ஒன்று செல்கின்றது. அது வேறு ஊர் எதற்கும் போய்ச் சேர்வதில்லை. காட்டினூடே சென்று காட்டிலேயே நின்றுவிடுகின்றது. சென்றவர் வந்த வழியே திரும்புதல் வேண்டும். 'கன்பிளின்ட் நெடுவழி' என்பது அதன் பெயர். கன்பிளின்ட் என்பது துப்பாக்கியில் பொருத்தப்படும் சக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் சொல்.

சாலை தொடங்குமிடம் கிராண்டு மரே என்னும் சிற்றூர். மக்கள்தொகை ஆயிரத்து முந்நூறு அளவே உடைய அவ்வூர், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் அமைந்துள்ளது. பரப்பளவால் உலகின் நன்னீர் ஏரிகளுள் முதன்மையானது சுப்பீரியர். அதன் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் ஆழம் 406 மீட்டர். கரையில் நிற்பவர்க்கு மறுகரை புலப்படாது. கலங்கரை விளக்கமும், துறையும், கரையிலே வந்து மோதும் அலைகளும் காண்போரைக் கடலோ என மயங்கச் செய்யும். நீரைக் கையால் அள்ளிச் சுவைத்தாலன்றி அம்மயக்கம் தீராது.

ஏரிக்கரையை விட்ட மாத்திரத்தில் சாலை மலைமுகடு நோக்கி ஏறத் தொடங்குகின்றது. மின்னசோட்டா மாநிலத்தின் மிகத் தாழ்ந்த நிலமான சுப்பீரியர் கரையும், மிக உயர்ந்த சிகரமான 2,301 அடி உயரமுள்ள கழுகு மலையும் இந்த ஒரே மாவட்டத்தில்தான் உள்ளன. இரண்டிற்கும் இடைத்தொலைவு பதினைந்து மைல் அளவே. மேடேறித் திரும்பிப் பார்த்தால், கீழே ஏரி நீலத்தகடு விரித்தாற்போலக் கிடக்கும். அடுத்த வளைவில் அது மறைந்துவிடும். பிறகு இருபுறமும் மரங்களே.

அம்மரங்கள் வெப்ப நாட்டு மரங்கள் போலக் கிளை பரப்பி நிழல் தருவன அல்ல. ஸ்புரூஸ், பால்சம், பைன் என்னும் ஊசியிலை மரங்கள் கூம்பு வடிவில் நெருங்கி நிமிர்ந்து நிற்கின்றன. பனி தங்காமல் சரிந்து விழுவதற்கு அவ்வடிவம் ஏற்றது. இடையிடையே வெண்ணிறப் பட்டை போர்த்த பூர்ச்ச மரங்களும், சிறு காற்றுக்கும் இலை நடுங்கும் ஆஸ்பென் மரங்களும் காணப்படும். இலையுதிர் காலத்தில் இவை பொன்னிறம் கொள்ளும். அப்போது ஊசியிலைகளின் கரும்பச்சைக்கு நடுவே பொன்னை வாரி இறைத்தாற்போல் காடு விளங்கும். இக்காட்சி சில வாரங்களே நிலைக்கும். பின்னர் ஏரிகள் உறைந்து, சித்திரை மாதத்தின் பிற்பகுதி வரையிலும் பனிக்கட்டியாகவே கிடக்கும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகை வரையில் இறங்கும் இரவுகளும் உண்டு.

இனி ஏரிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஏரி என்றதும் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கிய நீர்நிலையே தமிழர் நினைவுக்கு வரும். இங்குள்ள ஏரிகளை மனிதர் எவரும் வெட்டவில்லை. பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னர் வடதுருவப் பகுதியிலிருந்து பரவிய பெரும் பனிப்படலம் இந்நிலத்தை மூடியிருந்தது. அது நகர்ந்தபொழுது, அடியிற் சிக்கிய கற்களே உளிகளாகி மென்மையான பாறைகளைக் குடைந்து சென்றன. பனி உருகியபின் குடைந்த பள்ளங்களில் நீர் நிறைந்தது. ஆகையால் கரை முழுதும் பாறை. வண்டல் மிகக் குறைவு. நீர் பளிங்குபோலத் தெளிந்தது. மேல்மண் மிக மெல்லிய போர்வையாகப் பாறையை மூடியிருப்பதால், மரங்களின் வேர்கள் ஆழச் செல்ல இயலாமல் பக்கவாட்டிலே பரவுகின்றன. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் நேர்ந்த பெருந்துன்பம் ஒன்றினுக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

சாலைக்குப் பெயர் தந்தது கன்பிளின்ட் ஏரி. பழங்காலத் துப்பாக்கியிலே இக்காலத் தோட்டா கிடையாது. விசையை இழுத்தவுடன், அதன் தலையிலே கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உராய்ந்து பொறி எழுப்பும். பொறி சிறு கிண்ணத்திலுள்ள வெடிமருந்தில் விழும். அந்நெருப்பு குழலுக்குள்ளே சென்று மருந்தைப் பற்றவைக்கும். கல் தேய்ந்துவிட்டால் துப்பாக்கி வெறுங்கழிதான். இவ்வேரியைச் சூழ்ந்த பாறைகளில் அதற்கேற்ற கடினமான கல் கிடைத்தமையால் இப்பெயர் ஏற்பட்டது.

கல்லின் பெருமை இத்துடன் நிற்கவில்லை. கன்பிளின்ட் பாறைத்தொடர் ஏரியிலிருந்து கிழக்கே ஒன்டாரியோவில் சுப்பீரியர் கரை வரை செல்கின்றது. 1953ஆம் ஆண்டில் ஸ்டான்லி டைலர் என்னும் நிலவியலறிஞர், இரும்புக் கனிமங்களை ஆராயும் நோக்கத்துடன் அக்கரையிலே சேகரித்த கற்களை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கல்லுக்குள்ளே நுண்ணிய இழைகளும் உருண்டைகளும் தென்பட்டன. அவை நுண்ணுயிர்களின் உருவங்கள் என அவர் உணர்ந்தார். எல்சோ பார்கூர்ன் என்னும் தாவரவியலறிஞருடன் சேர்ந்து 1954இல் சுருக்கமாகவும், 1965இல் விரிவாகவும் இக்கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். விரிவான கட்டுரை வெளிவந்தபொழுது டைலர் உயிருடன் இல்லை. அப்பாறையின் வயது ஏறத்தாழ 188 கோடி ஆண்டுகள். அதுவரை, ஐயத்திற்கிடமின்றி அறியப்பட்ட தொல்லுயிர் எச்சங்கள் பெரும்பாலும் அறுபது கோடி ஆண்டுகட்கு உட்பட்டவையே. பொறி எழுப்பும் கருங்கல்தானே என்று எண்ணப்பட்ட ஒன்று, உயிரின் வரலாற்றையே நூறு கோடி ஆண்டுகட்கு மேலாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டது!

இச்சாலைக்கு முன்னர் இங்கே ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. அதனை நடந்து நடந்து வகுத்தவர்கள் ஒஜிப்வே மக்கள். தம்மை அவர்கள் அனிஷினாபே என அழைத்துக்கொள்வர். பெரிய ஏரிக்கும் உள்நாட்டு ஏரிகளுக்கும் இடையே, வேட்டைக்கும் மீன் பிடித்தலுக்கும் ஏற்பப் பருவந்தோறும் அவர்கள் சென்று வந்தார்கள். அவர்களுடைய தோணி வியக்கத்தக்கது. பூர்ச்ச மரப்பட்டையைத் தோணி வடிவில் மடித்து, ஸ்புரூஸ் வேரால் தைத்து, செடார் மரத்தின் மெல்லிய சட்டங்களை வளைத்து உள்ளே பொருத்தி, தையலை மரப்பிசினால் அடைத்துவிடுவர். ஓர் ஆணியும் அதில் இல்லை. பாறையில் மோதிக் கிழிந்தால், பழுது பார்க்கும் பொருளெல்லாம் கரையிலேயே கிடைக்கும். கோடையின் இறுதியிலே அத்தோணிகளில் சென்று, ஆழமற்ற நீரில் தானே விளையும் 'மனோமின்' என்னும் காட்டுத் தானியத்தைக் கோலால் தட்டித் தோணிக்குள் உதிர்ப்பர். ஆங்கிலேயர் அதனைக் காட்டரிசி என்றனர். ஆயினும் அது நெல்லினத்தைச் சேர்ந்ததன்று, வேறொரு புல்.

1854ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இந்நிலம் ஒஜிப்வே மக்களிடமிருந்து அமெரிக்க அரசின் கைக்குச் சென்றது. நிலம் போயினும், வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் விளைபொருள் சேகரிக்கவும் தமக்குள்ள உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உடன்படிக்கையிலேயே அதனை எழுதி வைத்தனர். அவ்வுரிமை இன்றும் செல்லுபடியாகும். அவர்தம் வழித்தோன்றல்கள் கிராண்டு மரேக்குக் கிழக்கேயுள்ள கிராண்டு போர்ட்டேஜ் என்னும் பகுதியில் வாழ்கின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தோல் வணிகம் இந்நீர்வழிகளில் செழித்தது. பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மென்மயிரால் செய்த தொப்பிகளுக்கு ஐரோப்பாவில் பெரும் விலை இருந்தது. பிரெஞ்சு மொழி பேசும் தோணிக்காரர்கள் மொன்றியால் நகரிலிருந்து 36 அடி நீளமுள்ள தோணிகளில் சரக்கேற்றி வருவர். உள்நாட்டிலிருந்து 25 அடித் தோணிகளில் தோல் வந்து சேரும். இரு சாராரும் கோடையில் கிராண்டு போர்ட்டேஜில் கூடுவர். அங்குள்ள எட்டரை மைல் காட்டுப்பாதையைக் கடக்க, ஒவ்வொருவனும் 90 பவுண்டு எடையுள்ள மூட்டைகள் இரண்டினை ஒரே நேரத்தில் முதுகிலே சுமந்தான். சுமையின் பட்டை நெற்றியிலே பூட்டப்பட்டிருக்கும். இத்தகைய சுமைவழிகளின் நீளத்தை 'ராடு' என்னும் அளவையால் குறிப்பர். ஒரு ராடு பதினாறரை அடி. 320 ராடு ஒரு மைல். இன்றைய தோணிப்பயண வரைபடங்களிலும் சுமைவழியின் நீளம் ராடு கணக்கிலேதான் அச்சிடப்படுகின்றது. 1842இல் அமெரிக்காவும் பிரிட்டனும் எல்லை வகுத்தபொழுது, எல்லைக்கோடு இத்தோணி வழியை ஒட்டியே சென்றது; அவ்வழியிலுள்ள நீர்நிலைகளும் சுமைவழிகளும் இரு நாட்டு மக்களுக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் என்றும் உடன்படிக்கை கூறிற்று.

கன்பிளின்ட் ஏரிக்குச் சற்றுக் கிழக்கே நிலத்தின் முதுகெலும்பு போன்ற மேடு ஒன்று ஓடுகின்றது. லாரன்சியன் நீர்ப்பிரிமேடு என்பர். அதன் ஒருபுறத்தில் விழும் மழைத்துளி சுப்பீரியர் ஏரிக்குச் சென்று, பிற பேரேரிகள் சிலவற்றைக் கடந்து, அட்லாண்டிக் மாகடலை அடையும். மறுபுறத்தில் விழுந்தது எண்ணற்ற ஏரிகளின் வழியே வடக்கு நோக்கி ஓடி அட்சன் விரிகுடாவில் கலக்கும். கைப்பிடி அளவு இடைவெளியில் விழுந்த இரு துளிகள் இரு வேறு கடல்களுக்குப் போகின்றன. இம்மேட்டை முதன்முறை கடக்கும் தோணிக்காரனுக்குத் தோழர்கள் ஒரு சடங்கு செய்வது வழக்கம். செடார் கிளையை நீரில் தோய்த்து அவன் தலையில் தெளிப்பர். புதியவன் எவனையும் இச்சடங்கின்றி மேட்டைக் கடக்க விடேன் என அவன் உறுதி கூறுவான். துப்பாக்கி வெடிகள் முழங்கும். அன்றிலிருந்து அவன் 'வடநாட்டான்'. நெடுவழியும் இம்மேட்டைக் கடந்தே செல்கின்றது. வண்டியில் செல்பவர் பலர் அதனைக் கவனிப்பதுகூட இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாதை அகன்று வண்டித்தடமாயிற்று. கன்பிளின்ட் ஏரிக்கருகே இரும்புத்தாது உண்டு எனக் கேட்டுப் பலர் பொருள் முதலிட்டனர். கனடாவின் போர்ட் ஆர்தரிலிருந்து காட்டினூடே புகைவண்டிப் பாதையும் வந்தது. 1893இல் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி வாட்டவே, பால்சன் சுரங்கம் என்னும் அம்முயற்சி முளையிலேயே கருகிற்று. அப்புகைவண்டிப் பாதையின் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு, 'வறுமை, வேதனை, துயரம், இல்லாமை' என மக்கள் விளையாட்டாக விரித்துரைத்தனர். சுரங்கக் குழிகளை இப்பொழுது மரங்கள் மூடியுள்ளன.

சுரங்கம் தராத வாழ்வை ஏரிகள் தந்தன. 1920களில் சாலையோரத்தே விருந்தினர் விடுதிகள் தோன்றலாயின. அவ்விடுதிகளுள் ஒன்றை நடத்தியவர் ஜஸ்டின் கெர்புட் என்னும் பெண்மணி. 1906இல் பிறந்த இவர் நகரத்தில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று, மருத்துவராக விரும்பியிருந்தவர். இவருடைய அன்னையார் கன்பிளின்ட் ஏரிக்கரை விடுதியை விலைக்கு வாங்கினார். 1929இல் பங்குச்சந்தை சரிந்து குடும்பத்தின் பிற செல்வம் அழிந்தபொழுது, எஞ்சி நின்றது காட்டு விடுதி ஒன்றே. மருத்துவக் கனவை விடுத்து ஜஸ்டின் ஏரிக்கரைக்கே குடிவந்தார். பனிக்காலத்தில் உறைந்த ஏரிமீது நடக்கும் பனிச்செருப்பு, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டி, பொறி வைத்தல், பனிக்கட்டியை அறுத்துக் கோடைக்குச் சேமித்தல் முதலிய கலைகளை அண்டையில் வாழ்ந்த ஒஜிப்வே குடும்பத்தாரிடம் அவர் கற்றார். கல்லூரி கற்பித்த கல்வியினும் இக்கல்வியே அவருக்குச் சோறிட்டது எனலாம். தம் நினைவுகளை அவர் 1986இல் நூலாக வெளியிட்டார், 2001இல் மறைந்தார்.

விடுதிகள் பெருகினால் வருவோர் பெருகுவர். வருவோர் பெருகினால் புதிய சாலைகள் வேண்டும் என்பர். இவ்வாறே 1920களின் தொடக்கத்தில் இவ்வேரிகளின் ஊடே மேலும் பல சாலைகள் அமைக்கத் திட்டங்கள் எழுந்தன. மோட்டார் வண்டி அன்று புதுமை. ஒவ்வோர் ஏரிக்கும் வண்டியில் போக வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால், அரசின் வனத்துறையிலே பணியாற்றிய ஆர்தர் கார்ஹார்ட் என்னும் நிலவனப்புக் கலைஞர் மாறாகக் கருதினார். இந்நாட்டிலே நீரே சாலையாக இருக்கையில் வேறு சாலை எதற்கு என்பது அவருடைய வினா. தோணிப் பயணத்தை நடுவாக வைத்து 1922இல் அவர் ஒரு திட்டம் வகுத்தளித்தார். இரு கட்சியாருக்குமிடையே வாதம் நிகழ்ந்தது. 1926இல் வேளாண்மைத்துறைச் செயலர் வில்லியம் ஜார்டைன், இப்பகுதியில் பெரும் நிலத்தைச் சாலையற்ற காடாகவே விட்டுவைக்குமாறு ஆணை வழங்கினார்.

அத்துடன் போராட்டம் ஓய்ந்ததா? இல்லை. எல்லை ஏரிகளில் அணைகள் கட்டி மின்னாற்றல் எடுக்கும் திட்டம் ஒன்று எழுந்தது. கட்டியிருந்தால் தீவுகளும் அருவிகளும் நீருள் மூழ்கியிருக்கும். 1930இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதற்குத் தடையாயிற்று. சாலை மூடப்பட்டால் வானம் திறந்திருக்கின்றதே என்று சிலர் மிதவை விமானங்களில் ஏரிகளின்மீது வந்திறங்கினர். 1949இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், கடல்மட்டத்திற்கு 4,000 அடிக்குக் கீழே இக்காட்டின்மேல் விமானம் பறத்தல் கூடாது என ஆணையிட்டார். காட்டின் அமைதியைக் காக்க வானத்துக்கே வேலியிட்ட செயல் அது. பின்னர் 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் பத்து இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பைக் காத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் அதில் அடங்கும்.

இச்சட்டங்களை எல்லோரும் மகிழ்ந்து வரவேற்றனர் என எண்ணுதல் கூடாது. தலைமுறையாக மரம் வெட்டியும், விசைப்படகு ஓட்டியும், விடுதி நடத்தியும் பிழைத்தவர்கள் பலர் தம் தொழிலை இழந்தனர். தொலைவிலுள்ள நகரத்தார் ஆண்டுக்கு ஒரு வாரம் கண்டு களிப்பதற்காக, இங்கேயே பிறந்து வளர்ந்த நாங்கள் வெளியேற வேண்டுமா என அவர்கள் கேட்டனர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நிலத்தை முதலிலே இழந்த ஒஜிப்வே மக்கள் அதனினும் பழைய கேள்வி ஒன்றை உடையவர்கள். இன்று காட்டினுள் செல்வோர் அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கும் நான்கு தோணிகளுக்கும் மேற்படல் ஆகாது. உணவுப் பொருள்களைத் தகரக் குவளைகளிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் கொண்டு செல்லுதலும் ஆகாது. நெடுவழி மட்டும் இருபுறமும் காப்புக்காடு சூழ, இடையே நீண்ட ஒரு விரலைப் போல உள்ளே செல்கின்றது.

சாலையின் மேற்பகுதியில் வண்டியை மெல்ல ஓட்டுக என அறிவிப்புகள் நிற்கும். மூஸ் என்னும் பெருமான் எப்பொழுது வழியில் வந்து நிற்கும் எனக் கூற இயலாது. குதிரையினும் உயர்ந்த அவ்விலங்கு நீண்ட கால்களால் சதுப்பில் இறங்கி, நீருக்கடியில் தலையை அமிழ்த்தி நீர்ச்செடிகளை மேயும். இம்மாநிலத்தில் 2006இல் ஏறத்தாழ 8,800 மூஸ்கள் இருந்தன எனக் கணித்தனர். பத்து ஆண்டுகளுக்குள் அத்தொகை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. பனிக்காலம் கடுமை குன்றியதால் வெண்வால் மான்கள் வடக்கே பரவின. அம்மான்களுக்குத் தீங்கு செய்யாத ஒருவகைப் புழு, மூஸின் மூளையைச் சென்று தாக்குகின்றது. உண்ணிகளும் பெருகின.

இரவிலே ஏரிக்கரையில் தங்குவோர் கேட்கும் குரல் லூன் என்னும் நீர்ப்பறவையினுடையது. ஒருகால் அழுகை போலவும், ஒருகால் பைத்தியச் சிரிப்பு போலவும் அது ஒலிக்கும். பிற பறவைகள் பலவற்றுக்கு எலும்பு உள்ளே வெறுமையாயிருக்கும். லூனுக்கோ பெரும்பாலான எலும்புகள் திண்ணியவை. ஆகவே எளிதில் மூழ்கி மீனைத் துரத்திப் பிடிக்கின்றது. ஆனால் வானில் எழ வேண்டுமாயின், நீர்ப்பரப்பின்மீது நெடுந்தொலைவு சிறகடித்து ஓடியே எழும். குஞ்சுகளை அது முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும் காட்சியைக் கண்டவர் மறவார்.

1999ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்கரின் விடுதலைத் திருநாள். விடுதிகளும் கூடாரங்களும் நிறைந்திருந்தன. நண்பகலை ஒட்டி மேற்கே வானம் இருண்டு, ஒருவகைப் பச்சை நிறம் கொண்டது. பின்னர் எழுந்த நேர்க்கோட்டுப் புயல் மணிக்கு 90, 100 மைல் வேகத்தில் காட்டைத் தாக்கிற்று. வேர் ஆழமில்லாத மரங்கள் தாங்கவில்லை. வேரோடு சாய்ந்தனவும், நடுவிலே முறிந்தனவுமாக, சில நிமிடங்களில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வீழ்ந்தன. சேதமுற்ற வனப்பரப்பு ஏறத்தாழ 4,77,000 ஏக்கர். சாலையும் சுமைவழிகளும் மறைந்துபோயின. காட்டினுள் இருந்தவர் பலர் காயமுற்றனர். மரக்குவியல்களைத் தாண்டிச் சென்று அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கத் தோணிகளும் மிதவை விமானங்களும் உதவின.

வீழ்ந்த மரம் அழுக வடநாட்டுக் குளிரில் நெடுங்காலம் செல்லும். ஆனால் காய்வதற்கு ஓரிரு கோடைகள் போதும். காய்ந்த விறகு மைல் கணக்கில் குவிந்து கிடக்க, அதனூடே செல்லும் சாலையோ ஒன்றே ஒன்று. தீ எழுந்து வழியை மறித்துவிட்டால், அப்பாலுள்ளோர்க்கு ஏரியன்றி வேறு போக்கிடம் இல்லை. நெடுவழியின் மக்கள் இதனை உணர்ந்தனர். வனத்துறையினர் உகந்த காலம் பார்த்துச் சில பகுதிகளைத் தாமே எரித்து விறகைக் குறைத்தனர். அரசின் உதவித்தொகையைக் கொண்டு வீடுகளைச் சுற்றித் தெளிப்பான்கள் அமைக்கப்பட்டன. மின்கம்பிகள் எரிந்துபோகுமாதலால், எரிவாயுவால் இயங்கும் எந்திரம் ஏரிநீரை இறைத்து வீட்டின் கூரையிலும் சுற்றுப்புறத்திலும் மழைபோலப் பொழியும். தீப்பிழம்பை அணைப்பது அதன் நோக்கமன்று. பறந்துவரும் தணல் எங்கே விழுந்தாலும் அங்கே ஈரமே இருக்குமாறு செய்வதே நோக்கம்.

2006 ஜூலையில் மின்னலால் மூண்ட தீ ஏறத்தாழ 32,000 ஏக்கரை எரித்தது. அதனினும் பெரியது அடுத்த ஆண்டில் வந்தது. 2007 மே 5ஆம் நாள் ஹாம் ஏரிக்கருகே ஒரு முகாமின் அடுப்பு நெருப்பிலிருந்து தீ பரவிற்று. வறட்சியும் பலத்த காற்றும் துணைசெய்ய, அது எல்லை தாண்டிக் கனடாவிலும் புகுந்து, மொத்தத்தில் 75,000 ஏக்கர் அளவிலான காட்டை உண்டது. நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. ஆயினும் உரிய காலத்தில் தெளிப்பான்கள் இயங்கிக்கொண்டிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை, கரிந்த காட்டின் நடுவே பசும்புல் வட்டங்களோடு பிழைத்து நின்றன. தெளிப்பான்களை இயக்கிவிட்டு, அண்டை வீட்டாரையும் எழுப்பி அழைத்துக்கொண்டு, புகை சூழ்ந்த அந்த ஒரே சாலை வழியே மக்கள் வெளியேறினர். தீயணைப்பில் முன்நின்றவர்களுள் பலர் ஊதியம் பெறாத உள்ளூர்த் தொண்டர்கள். தம் வீடு எரிகின்றதா என அறியாமலே பிறர் வீட்டைக் காத்து நின்றவர் அவர்.

எரிந்த நிலம் சில மறைபொருள்களை வெளிக்காட்டிற்று. பாசியும் புதரும் நீங்கிய பாறைகளை ஆராய்ந்த நிலவியலார், கன்பிளின்ட் ஏரிப்பக்கத்தில் உருக்குலைந்த கற்கள் கலந்த தனி அடுக்கு ஒன்றைக் கண்டனர். ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகட்கு முன்னர், கிழக்கே 700 கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள சட்பரியில் பெரும் விண்கல் ஒன்று மோதியது. அம்மோதலில் சிதறி வந்து படிந்தவையே அவை.

ஜாக் பைன் என்னும் மரத்துக்குத் தீயே மருத்துவச்சி. அதன் கூம்புக் காய்கள் பிசினால் இறுக மூடியிருக்கும். ஆண்டுகள் பல கழியினும் அவை விதையை விடா. வெம்மை 50 பாகையளவு ஏறினால் பிசின் உருகிக் காய் விரியும். தீ தணிந்தபின் விதைகள் சாம்பல்மேல் உதிரும். மேலே நிழலிட மரமில்லை; கீழே போட்டியிடப் புதரில்லை; சாம்பலோ உரம். கரிந்த நிலத்தில் அவ்வாண்டிலேயே இளங்கன்றுகள் தலைகாட்டின. வெண்பைனும் செம்பைனும் இவ்விதம் தாமே எளிதில் மீள்வன அல்ல. ஆதலால் 2008 மே மாதத்தில் விடுதியாரும், வந்து தங்குவோரும், பள்ளிப் பிள்ளைகளும் கூடி, சாலையின் இருமருங்கிலும் ஆயிரக்கணக்கான மரக்கன்றுகளை நட்டனர். பாறைமேல் கையளவு மண் உள்ள இடம் தேடித் தேடி, ஒவ்வொன்றாக அவை ஊன்றப்பட்டன. மூஸும் மானும் கடித்துவிடாமலிருக்க இளங்குருத்துகளைக் காகிதத்தால் சுற்றி வைத்தல் இப்பகுதியில் வழக்கம்.

இவ்விளங்காட்டைக் கடந்து சென்றால் நெடுவழி முடிகின்றது. அருகிலே 1934இல் கல்லால் கட்டப்பட்ட சிக்வாக் என்னும் பழைய விடுதி, 2010 முதல் காட்சிச்சாலையாக விளங்குகின்றது. சீகல் ஆறு சாகனாகா ஏரியில் கலக்கும் இடமும் அண்மையிலேதான். இம்மாநிலத்தில் பிடிபட்ட வால்ஐ மீன்களுள் மிகப் பெரியது, பதினேழரைப் பவுண்டு எடையுள்ளது, 1979இல் அவ்வாற்றில்தான் கிடைத்தது. சாகனாகாவின் அடிப்பாறை 270 கோடி ஆண்டு பழமையான கருங்கல். அதற்கு மேற்கே தார் இல்லை, தூண் இல்லை, கம்பி இல்லை. கரையில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கூரையிலிருந்து தோணிகள் இறக்கப்படுகின்றன. சுமை மூட்டைகளை நடுவில் வைத்து, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக அமர்ந்து, துடுப்பால் பாறையை உந்தித் தள்ளி, ஆறென்னும் மற்றை வழியிலே அவர்கள் புறப்படுகின்றனர்.